மேல்துளையில் நீலம்

கோழிக்கோட்டு மழை உடற்கூறு கூடத்தின் சன்னல் கண்ணாடிகளில் வழிகிறது. கடைசி மேசையில், குழல்விளக்கின் கீழ், கொடையாக வந்த உடலிலிருந்து குடலோடு எடுத்த கணையம் தட்டில் மினுங்குகிறது. மாணவி ரிஷானா குடலின் உள்சுவரில், கணையக் குழாய் வந்து திறக்கும் துளையில் ஊசியை வைத்து நீல மையைச் செலுத்துகிறாள். கணையத்தின் வால்நுனிவரை போகவேண்டிய நீலம் ஒரு விரற்கடை ஓடி நின்றுவிடுகிறது. "குழாய வெட்டித் தொலைச்சுட்டியேடீ! மியூசியத்துக்குப் போகவேண்டிய பீஸு," என்று கூட்டாளி ஜிதின் அவளுடைய கத்தரிக்கோலைப் பறித்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறான். "வெட்டியிருந்தா மை வெளிய ஒழுகணும்ல? ஒரு சொட்டு ஒழுகுச்சா?" "அதையெல்லாம் மேடம்கிட்டச் சொல்லு." பேராசிரியையின் செருப்புச் சத்தம் அடுத்த மேசையில் கேட்கிறது. ரிஷானா சற்று மேலே, கடுகளவில் தெரியும் இன்னொரு துளைக்கு ஊசியை மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறாள். நீலம் விறுவிறுவென்று வால்நுனிவரை ஓடுகிறது. "கருவுல கணையம் ரெண்டு மொட்டாத்தானே முளைக்குது? சின்னது சுத்தி வந்து பெருசோட ஒட்டும், குழாயும் சேர்ந்துக்கும். இவருக்குச் சதை ஒட்டியிருக்கு, குழாய் சேரல. ஒரே வீடு, ரெண்டு அடுப்பு!" என்கிறாள். மற்ற மேசைக்காரர்கள் கையுறையோடு ஓடிவந்து சூழ்ந்துகொள்கிறார்கள். ஜிதின் கத்தரிக்கோலை எடுத்து, கோட்டிலேயே துடைத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டுகிறான். ரிஷானா வாங்கவில்லை. "அப்படியே நீட்டிக்கிட்டு நில்லுடா. மேடம் வந்து பாக்கட்டும்."