பதறாத குரல்

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் அவளுக்குப் பட்டப்பெயர் ஐஸ்கட்டி. எதிர்முனையில் யார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாலும் அவள் குரல் இம்மியும் ஏறாது. புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுக்க, அவள் பேசுவதை மேற்பார்வையாளர் தன் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, அப்பா கீழ விழுந்துட்டாரு. கூப்பிட்டா பேச மாட்டேங்கறாரு.”

ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை.

“பதறாதீங்க. வண்டி கிளம்பிடுச்சு. அப்பா நெஞ்சு ஏறி இறங்குதா பாருங்க.”

“இறங்குது ஆன்ட்டி, லேசா.”

“நல்லது. அவரை ஒருக்களிச்சாப்ல புரட்டி விடுங்க. அப்புறம் வாசக் கதவைத் திறந்து வைங்க. மேல் தாழ்ப்பாள் எட்டாது, சமையலறை முக்காலிய இழுத்துப் போட்டு ஏறுங்க.”

“சரி ஆன்ட்டி. எங்கம்மா வேலைக்குப் போயிருக்காங்க. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவாங்க.”

“சொல்லல.”

அழைப்பு முடிந்தது. மேற்பார்வையாளருக்கு என்னவோ உறுத்தியது. எடுத்த எடுப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்கவே இல்லை. எழுந்து அவள் மேஜைக்குப் போனார்.

“ஏம்மா, விலாசமே கேக்காம வண்டிய எங்க அனுப்பினே?”

“என் வீட்டுக்கு சார்.”

பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாத குரலையா இத்தனை நாள் அவர் மெச்சிக்கொண்டிருந்தார்?

“கிளம்பும்மா... நீ முதல்ல கிளம்பு” என்று குழறினார்.

அவள் அசையாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

“பதறாதீங்க சார். வண்டி கிளம்பிடுச்சு” என்றாள், அதே குரலில்.