மாமியார் கேட்காத கடன்

"நானூத்திப் பத்து டாலர், லெஸ்டர். ரொட்டி வாங்க வந்தியா, இல்ல எனக்குத் தர வந்தியா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லெஸ்டர் கையிலிருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கேட்டவள் மாவிஸ். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருந்த அந்தப் பழங்குடி ஊரின் வட்டியில்லாக் கடன் திட்டத்துக்கு அவள்தான் தலைவி. இருப்பது ஒரே தொகைதான். ஒருத்தர் திருப்பிக் கட்டினால்தான் அடுத்தவருக்குப் போகும்.

"அடுத்த சம்பளத்துல தர்றேன்."

"போன சம்பளத்துக்கும் இதையேதான் சொன்னே. உன் வாஷிங் மெஷின் உன் துணியைத் துவைக்குது. டல்சி ரெட்டைப் புள்ளைங்களை வெச்சுக்கிட்டுக் குழாயடியில கையால கசக்கறா. நீ கட்டினாத்தான் அவளுக்கு மெஷின். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சாப் போதுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லெஸ்டர் ரொட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

பணம் இல்லாமல் இல்லை. ரோடு வேலைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வண்டி சீட்டுக்கு அடியில் சேர்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அது டயருக்கு. வழுக்கை டயரை வைத்துக்கொண்டு செம்மணலில் எப்படிக் கங்காரு வேட்டைக்குப் போவது? டயர் வாங்கும்வரை மாவிஸ் கண்ணில் படாமல் இருந்தால் போதும். அதுதான் நடக்கவில்லை. ஊரில் இருப்பதே ஒரு கடை, ஒரு பெட்ரோல் பம்பு, ஒரு ஆஸ்பத்திரி. எங்கே போனாலும் மாவிஸ் முன்னாடியே அங்கே நின்றாள்.

வெளியே நிழலில் உட்கார்ந்திருந்த பங்காளி டட்லி, "வாங்கிக் கட்டிக்கிட்டியா?" என்றான்.

"அவ வாயை எப்படி அடைக்கிறதுன்னே தெரியலை பங்காளி."

"உனக்கு மாமியார் முறைதானே அவ? தூரத்து முறை, ஆபீஸ் வேலைன்னு பெரியவங்க பேச விட்டிருக்காங்க. சொந்த மாமியாரா இருந்தா உன் நிழலைப் பார்த்தாலே வேற பக்கம் திரும்பிப் போயிருப்பா."

டட்லி விளையாட்டாகத்தான் சொன்னான். லெஸ்டருக்கு அது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர்கள் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. பேரைக்கூடச் சொல்லக் கூடாது. அது கோபமில்லை, மரியாதை. அந்த மரியாதையை மாவிஸ் ஒருநாளும் மீற மாட்டாள்.

அவள் மகள் ரோஷெல், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கணக்கு எழுதப் படித்துவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தாள். சனிக்கிழமை ஃபுட்பால் மேட்சில் அவளிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று லெஸ்டர் யோசித்துக்கொண்டிருந்தான். அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தின்றுகொண்டிருந்த சிப்ஸை நீட்டினாள்.

"உன்கிட்ட வண்டி இருக்காமே?"

"இருக்கு. டயர்தான் சரியில்லை."

"மெதுவாப் போனாப் போச்சு."

திட்டம் போட்டு வந்தவனுக்கு, அவள் சிரித்த சிரிப்பில் பாதித் திட்டம் மறந்துபோனது. ரெண்டு பேரும் மெதுவாகத்தான் போனார்கள், வந்தார்கள். குளிர்காலம் முடிவதற்குள் ரோஷெல் தன் மெத்தையையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். சரியான முறைதான் என்று பெரியவர்களும் தலையாட்டிவிட்டார்கள்; அங்கே அதுதான் கல்யாணம்.

மறுநாள் லெஸ்டர் கடைக்குள் நுழைந்தான். யாரையோ அதட்டிக்கொண்டிருந்த மாவிஸ், வருவது அவன் என்று தெரிந்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்றாள். லெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, அவசரமே இல்லாமல் ரொட்டி வாங்கினான். டீத்தூள் வாங்கினான். தேவையே இல்லாமல் ஒரு டப்பா பீச் பழமும் வாங்கினான்.

"கடனைக் கல்யாணத்துல கழிச்ச ஒரே ஆளு நீதான் பங்காளி" என்றான் டட்லி.

சம்பளம் வந்தது, போனது. டயருக்கான பணம் ஒருவழியாக நிறைந்தது.

டவுனுக்குக் கிளம்ப வேண்டிய காலை. வாசலில் நெருப்புச் சாம்பலுக்குள் கங்காரு வால் வெந்துகொண்டிருந்தது. ரோஷெல் அதைக் குச்சியால் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

"நானூத்திப் பத்து."

"என்னது?"

"வாஷிங் மெஷின் பாக்கி. சீட்டுக்கு அடியில இருக்கே, அதை எடுத்துட்டு வா."

லெஸ்டர் சிரித்தான். "உங்கம்மா இனிமே என்னைக் கேட்க முடியாதுடி."

"அம்மா எதுக்குக் கேட்கணும்? அம்மா அந்த வேலையை விட்டாச்சு. இப்ப நான்தான் தலைவி. காலையில கேட்பேன், சாப்பிடறப்பக் கேட்பேன், நீ போர்வையை இழுத்து மூடிக்கிட்டாலும் கேட்பேன். பெண்டாட்டி பேசக் கூடாதுன்னு ஏதாவது முறை இருக்கா?"

"இது அநியாயம். நான் போய் உங்கம்மாகிட்டயே நியாயம் கேட்கிறேன்."

"கேளேன். எப்படிக் கேட்பே?"

எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தான். பிறகு வண்டிக்குப் போய்ப் பணத்தை எடுத்துவந்து அவள் மடியில் போட்டான்.

ரோஷெல் எண்ணிப் பார்த்தாள். மிச்சமிருந்த ஒரு இருபது டாலர் நோட்டை அவன் சட்டைப்பையில் திரும்பச் செருகினாள். "கணக்குத் தீர்ந்தது. டல்சிக்கு இன்னைக்கே சொல்லி விட்டுடறேன்."

"ஒண்ணு மட்டும் சொல்லு." லெஸ்டரின் குரல் இறங்கிப்போயிருந்தது. "இந்தப் பணத்துக்காகத்தான் அன்னைக்கு என் பக்கத்துல வந்து உட்கார்ந்தியா?"

"சேச்சே."

வாலில் கொழுப்பாக இருந்த துண்டை வெட்டி அவன் தட்டில் வைத்தாள்.

"பாக்கி வெச்சிருந்த முறைப்பையங்க மொத்தம் மூணு பேரு. 'இதுல யாரை நீ வசூல் பண்றே'ன்னு அம்மா கேட்டா. நான்தான் உன்னைக் காட்டினேன்."