ஈரிரண்டு நான்கு

"ஓ... ரி... ரண்... டு... இ... ரண்... டு..."

வகுப்பறைக்குப் பத்தடி முன்னாலேயே அம்மாவின் கால்கள் நின்றுவிட்டன. மகள் சிட்டு மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்தவள் அவள்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மொத்த வகுப்பும் ஒவ்வொரு எழுத்துக்கும் மேஜையைத் தட்டித் தட்டி, இழுத்து இழுத்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அச்சு அசல் சிட்டு பேசுகிற மாதிரியே.

கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடி சிட்டு.



ஏழு வயது சிட்டுவுக்குக் காது நன்றாகக் கேட்கும். புத்தியிலும் குறையில்லை. பேச்சுதான் தகராறு. "என்ன சொல்லணும்னு அவளுக்குத் தெரியும்மா. உதடு, நாக்கு, தாடை மூணும் வரிசையா அசைய வரமாட்டேங்குது. வேகம் கூடினா எல்லாம் குழம்பிடும்" என்று பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். எழுத்துக்கு ஒரு தட்டு தட்டி, நிதானமாகப் பேசப் பழக்கியதும் அவர்தான். 'தண்ணி' என்ற ஒரு சொல் சரியாக வர இரண்டு மாதம் ஆயிற்று.

அம்மாவோ பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பு சொல்பவள். "ஊருக்கே கேக்குது உன் குரல். உன் பொண்ணு வாயத் திறக்க மாட்டேங்கறாளே" என்று உறவுக்காரர்கள் சொன்னதையெல்லாம் விழுங்கிக்கொண்டவள். இதை விழுங்க முடியவில்லை.

விறுவிறுவென்று தலைமையாசிரியையின் அறைக்குள் போனாள்.

"என் பொண்ணோட குறையை வகுப்பே சேர்ந்து நடிச்சுக் காட்டுது. டீச்சர் நின்னு வேடிக்கை பாக்கறாங்க. இதுதான் உங்க பள்ளிக்கூடமா?"

வகுப்பாசிரியை வரவழைக்கப்பட்டார். "அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அந்த வகுப்பு எழுந்து நின்றது. இனி எவராவது அப்படி இழுத்துச் சொன்னால் பெற்றோரை அழைத்து வர வேண்டும் என்று தலைமையாசிரியை கண்டித்தார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை சிட்டு அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அ... வங்... க... அ... வங்..."

"தெரியும்டா கண்ணு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இனி எவளும் உன்னைக் கேலி பண்ண மாட்டா. அம்மா பாத்துக்கிட்டேன்."

சிட்டு கையை விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா அம்மாவைத் தனியாக அழைத்தார்.

"என்னம்மா ஆச்சு? போன மாசம் எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லிக் காட்டினா. நானே அசந்துட்டேன். இங்க வாரத்துல ஒரு மணி நேரம்தான் பழக்கறோம், அதுல இவ்வளவு வராது. இப்ப என்னடான்னா வாயையே திறக்க மாட்டேங்கறா."

அம்மாவுக்குப் பொறி தட்டியது. இன்னும் அந்தக் கேலி ஓயவில்லை!

மறுநாளே வகுப்பு வாசலில் போய் நின்றாள். உள்ளே வாய்ப்பாடு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இழுவையும் இல்லை, தட்டலும் இல்லை. கடைசி வரிசையில் சிட்டு மட்டும் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஆசிரியை வெளியே வந்தார்.

"டீச்சர், எனக்குத் தெரியாம இன்னும் என் பொண்ணை யாராவது கேலி பண்றாங்களா? மறைக்காம சொல்லுங்க."

"இல்லம்மா. நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து எல்லாரும் பழையபடி வேகமாதான் சொல்றாங்க."

"அப்புறம் ஏன் அவ வாயைத் திறக்க மாட்டேங்கறா?"

ஆசிரியை வகுப்புக் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானும் முதல்ல கேலின்னு நினைச்சு அடிக்கவே கை ஓங்கினேம்மா. அப்பதான் பிள்ளைங்க சொன்னாங்க. வேகமா சொன்னா சிட்டு பாதியிலேயே நின்னுடறாளாம். அவளும் கடைசி வரைக்கும் கூட வரணும்னு, விளையாட்டு நேரத்துல பத்து நிமிஷத்தை விட்டுக்கொடுத்துட்டு, முப்பத்தெட்டுப் பேரும் அவளுக்காக மெதுவா சொன்னாங்க."