சிலுவைக்கு ஒரு கறுப்பு

நான்கு கறுப்புகளையும் சவப்பெட்டி மூடியின் மேல் வரிசையாக வைத்தாள்.

எருமைக் கொம்பு. கொட்டாங்கச்சி. ஈட்டி மரம். கருங்காலி.

மூடியில் சிலுவைக்கான பள்ளத்தை வெட்டி முடித்திருந்தாள். எதைப் பதிப்பது என்பதுதான் மிச்சம்.

"நல்லா எடுப்பாத் தெரியணும்க்கா," என்றான் அமல்தாஸ். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "அப்பா கோயில் கமிட்டியில இருந்தவரு. நாளைக்கு ஊரே வரும்."

அவனுக்கு எதுவும் தெரியாது. மில் வேலைநிறுத்தத்தின்போது அவனுக்கு மூன்று வயது.

நாற்பத்தொரு நாள் ஒருத்தரும் உள்ளே போகவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவன் அப்பா சந்தியாகு பின்வாசல் வழியாகப் போனார். கூடவே பதினாறு பேரைக் கூட்டிப்போனார். சங்கத்து ஆட்களின் பெயர்களையும் முதலாளியிடம் எழுதிக் கொடுத்தார்.

முதல் பெயர் இன்னாசி. அவள் புருஷன்.

மில் அடியாட்கள் இன்னாசியை ரயில்பாதை ஓரம் மடக்கினார்கள். அதன் பிறகு அவன் நடக்கவில்லை. மழைக்காலம் வரை இருந்தான்.

அவனுக்கும் அவள்தான் பெட்டி செய்தாள். பதிக்க ஒன்றுமில்லை. தாரைத் தொட்டுச் சிலுவை வரைந்தாள்.

கொம்பை எடுத்து அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தாள். மயிர் கருகும் வாடை. உழைத்த மாட்டின் கொம்பு. இவருக்கு எதற்கு?

கொட்டாங்கச்சியைத் தள்ளினாள். ஈட்டியையும்.

கரித்தூளைப் பசையில் குழைத்து அப்பிவிடலாமா? முதல் மழைக்கே கரைந்துபோகும்.

ஆனால் மண்ணுக்குள் கரைவதை யார் பார்ப்பார்கள்? நாலு பேர் பார்க்க வேண்டும்.

கருங்காலியைக் கையில் எடுத்தாள். இரும்புபோல் கனத்தது. அவள் அப்பா யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த துண்டு.

அமல்தாஸ் பதறினான். "ஒசந்த மரமாச்சேக்கா. இது எதுக்கு?"

"உங்கப்பாவுக்கு இதுதாம்ப்பா பொருத்தம்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

மறுநாள் கல்லறைத் தோட்டம் நிறைந்திருந்தது. பழைய மில் ஆட்கள் ஒருத்தர் விடாமல் வந்திருந்தார்கள்.

அமல்தாஸ் கைக்குட்டையால் சிலுவையைத் துடைத்தான். பக்கத்தில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

"பாத்தீங்களா மாமா? அப்பாவுக்கு... முழுசும் கருங்காலி."

தொம்மை தடியை ஊன்றிக் குனிந்தார். அன்று இன்னாசியோடு சேர்ந்து அடிபட்டவர். வெகுநேரம் சிலுவையைப் பார்த்தார்.

"ஆமாப்பா," என்றார். "கருங்காலியேதான்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இன்னொருத்தர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டீங்களாக்கா?" என்று அமல்தாஸ் கூட்டத்தில் அவளைத் தேடித் திரும்பினான். ஈரக் கண்ணோடு சிரித்தான்.

இருபத்தெட்டு வருஷம் அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

தொம்மையின் முகத்தைப் பார்த்தாள். வரிசையில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.