சபையில் வைக்க ஒரு பேஸ் கிடார்

எண்பத்தாறாம் வருஷம் மாசி மாதம், திண்டிவனத்தில் அந்தக் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். கடைக்காரர் இருதயராஜ், கோலியனூர் சுப்பராயலு, அவர் மனைவியின் தம்பி சக்கரபாணி. வேறு யாரும் இல்லை.

மைக் செட்டும் வாத்தியங்களும் வாடகைக்கு விடும் கடை. சுவரில் பழைய கிடார்கள் தொங்கின. அவை விலைக்கும் உண்டு.

சுப்பராயலு உட்காரவில்லை.

"நாலு தந்தி உள்ளது. ஆர்க்கெஸ்ட்ராவுல வாசிக்கறது. நல்லதா இருக்கணும்."

"பேஸ் கிடாரா? யாருக்குங்க பெரியவரே? நீங்களா வாசிக்கப் போறீங்க?"

சக்கரபாணி வாயைத் திறந்தார். சுப்பராயலு திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். வீட்டு விஷயம் கடையில் பேசுவதற்கில்லை.

விஷயம் இதுதான். சுப்பராயலுவின் ஒரே மகன் தேவநாதன், விழுப்புரம் ராஜாமணியின் இன்னிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தான். கண்ட கொட்டகையில் வாசித்து, கண்டவன் போட்ட சோற்றைத் தின்னும் பிழைப்பைச் சுப்பராயலு ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. பதினைந்து நாளைக்கு முன், திண்டிவனம் சாலையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்த லாரி கவிழ்ந்தது. தேவநாதன் அதில் இருந்தான்.

கிடார் ராஜாமணியுடையது.

"கிடார் போனா போவுது, புள்ளையே போயிட்டான்" என்று பிணத்தருகே நின்று ராஜாமணி அழுதார். நல்ல மனதோடுதான் சொன்னார். 'போனா போவுது' என்ற அந்தச் சொல்லைச் சுப்பராயலு அன்றிலிருந்து மென்றுகொண்டிருந்தார்.

நாளை கருமாதி. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. படையல் போடுமுன், பங்காளிகள் கூடிய சபையில் மூத்தவர் எழுந்து கேட்பார்: போனவன் கையில் யார் பொருளாவது நிற்கிறதா? 'இல்லை' என்று சபை சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள். மூன்று தலைமுறையாக அங்கே எவனும் 'எனக்கு வரவேண்டும்' என்று சொன்னதில்லை.

நாளைக்கும் சொல்லக்கூடாது.

இருதயராஜ் சுப்பராயலுவின் வேட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு கிடாரை இறக்கினார். "உள்ளூர் ஆசாரி செஞ்சது. விலை கைக்கு அடக்கமா முடியும்."

சுப்பராயலு அதை வாங்கி, ஒரு கண்ணை மூடி, ஏர்க்கால் பார்ப்பதுபோல் கழுத்து நெடுகப் பார்த்தார்.

"கோணல்."

இருதயராஜுக்குச் சிரிப்பு வந்தது. "வாசிக்கறவனே இதைப் பாக்க மாட்டான்." உள்ளே போய், துணி சுற்றிய இன்னொன்றைக் கொண்டுவந்தார். ஜப்பான் சரக்கு. பாண்டிச்சேரியில் யாரோ விற்றுவிட்டுப் போனது. கழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

சுப்பராயலு இரு கையாலும் கழுத்தைப் பிடித்து, உடம்பு கீழே தொங்க, கனம் பார்த்தார்.

"ஐயய்ய, அது கோடாலி இல்லீங்க பெரியவரே!"

சக்கரபாணியும் சிரித்துவிட்டார். சுப்பராயலு சிரிக்கவில்லை. கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இந்த எடம் தாங்குமா? இங்கதான் ஒடையும்."

"தெரிஞ்சவராத்தான் இருக்கீங்க" என்று இருதயராஜ் விலையைச் சொன்னார்.

மடியில் இருந்தது போதவில்லை.

"பழைய சாமான்தானே அண்ணே, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று சக்கரபாணி ஆரம்பித்தார்.

"நீ போய் பஸ்ஸு பாரு."

"இல்ல மாமா..."

"போய்ப் பாரு."

சக்கரபாணி படியிறங்கும்வரை காத்திருந்து, சுப்பராயலு இரண்டு காதுக் கடுக்கனையும் திருகிக் கழற்றினார். அவருடைய தகப்பனார் போட்டுவிட்டவை. மேஜைமேல் வைத்தார்.

"இன்னா பெரியவரே இது! இருக்கறதைக் குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க."

"கொறைச்சுக் குடுக்கற பழக்கம் எங்க ஊட்ல கெடையாது."

இருதயராஜ் பணத்தோடு கடுக்கனையும் எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டார். கிடாரை உறையில் போட்டு வாரைக் கட்டும்போது, பேச்சுவாக்கில் சொன்னார்.

"இதே கிடாரை ஒரு புள்ள வந்து பாத்துட்டுப் போச்சுங்க. பதினஞ்சு நாளு இருக்கும். உங்க விழுப்புரம் பக்கந்தான். மடியில வச்சிக்கினு ரொம்ப நேரம் வாசிச்சான். காசு பத்தலை. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, ஜல்தி வந்துடறேன்னு சொல்லிட்டு, ரோட்டுல போன லாரிக்குக் கை காட்டி ஏறிட்டான். அப்புறம் ஆளையே காணோம்."

கடுக்கன் இருந்த துளை எரிந்தது. சுப்பராயலு காதைத் தொடவில்லை.

"உன் கிடாரு இன்னாடா ஆச்சுன்னு கேட்டேன். கை தவறிக் கீழ வுழுந்துடுச்சின்னான்."

"அப்படியா சொன்னான்?"

"ஆமாங்க. என் கையாலதான்னு, ரெண்டு வாட்டி சொன்னான்."

சுப்பராயலு கிடாரை எடுத்தார். இந்த முறை கழுத்தைப் பிடிக்கவில்லை. அடியில் கை கொடுத்துத் தூக்கினார்.

மறுநாள் சபையில் ராஜாமணி அதைப் பெற்றுக்கொண்டார். மூத்தவர் எழுந்து கேட்டார். சபை 'இல்லை' என்றது. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

லாரி கவிழ்ந்தபோது ராஜாமணியின் கிடார் மூட்டைக்கடியில் நசுங்கிப் போனது, அதற்காகத்தான் மாமா கடுக்கனை இழந்தார் என்று சக்கரபாணி அன்று பந்தலில் சொன்னார். கோலியனூரில் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அது தவறு. லாரியில் கிடார் இல்லை. தேவநாதன் வெறுங்கையோடுதான் வந்தான். ராஜாமணியின் கிடார் லாரி கவிழ்ந்ததற்கு முந்தின நாள், சுப்பராயலுவின் களத்தில், கல் உருளைமேல், அவர் ஓங்கிய ஒரே அடியில் உடைந்தது.