நொறுங்கின பானெட்

மூக்கையாவுக்குத் துரோகம் பண்ணியவன் ஜெரோம்தான். திண்டுக்கல் பழனி ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கிற ஜெரோம்.

மூக்கையா ஆசைப்பட்டது, தட்டினால் டங்கென்று சத்தம் வரும் கனத்த காருக்கு. ஜெரோம் பேசிப் பேசி வேறொன்றைத் தலையில் கட்டிவிட்டான்.

"அண்ணே, வெளிநாட்டுல கம்பெனிக்காரன் பேச்சை நம்பாம, தனியா ஒரு கூட்டம் கடையில காரை வாங்கி, பொம்மையை உக்கார வச்சு, மோதிப் பாக்குது. பொம்மைக்கு எம்புட்டு அடின்னு பாத்து நட்சத்திரம் போடுது. இந்த வண்டிக்கு நாலு நட்சத்திரம்."

"புதுக் காரைக் கொண்டுபோயி மோதுற கிறுக்கன் பேச்சைக் கேட்டு நான் வண்டி வாங்கணுமாக்கும்."

முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கினார்.

கொஞ்ச நாள்தான் ஓடியது. எரியோடு போகிற ரோட்டில் குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒதுங்கப் போய், புளியமரத்தில் மோதினார். ஜெரோம் நச்சரித்திருந்ததால் அவரும் மனைவி காளியம்மாளும் பெல்ட் போட்டிருந்தார்கள். பானெட் அப்பளமாக நொறுங்கியது.

அன்றிலிருந்து டீக்கடை, சந்தை, கல்யாண வீடு, எங்கே போனாலும் இதே புலம்பல்.

"ஏமாத்திட்டான்யா. முன்பக்கம் பூரா நசுங்கிப் போச்சு. எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் ஒரு கீறல் இல்ல, அது வேற விஷயம். வண்டி போச்சுல்ல?"

"உசிரோட இருக்கோம்ல, விட்டுத் தொலைங்களேன்" என்பாள் காளியம்மாள். விடுவாரா? 'தப்புத்தாண்ணே' என்று ஜெரோம் நாலு பேர் முன்னால் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

இன்று நேராகக் கடைக்கே போய்விட்டார். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வசதியாகப் போயிற்று.

"ஏலே ஜெரோம், தகர டப்பாவைக் குடுத்து ஏமாத்துனேன்னு இவுக முன்னால சொல்லு."

"அண்ணே, முன்பக்கம் நொறுங்கி அடியை வாங்கிக்கிட்டாத்தான் உள்ள இருக்கவுக பிழைப்பாக. அதை அப்படித்தான் செஞ்சிருக்கு. உக்காருங்க, டீ சொல்றேன்."

"உன் டீ எவனுக்கு வேணும்? தப்புன்னு சொல்லு."

கூட்டத்தில் ஒருவர் முன்னால் வந்தார். சேவுகம்பட்டி பொன்னுத்துரை.

"புளியமரத்துல மோதுனது நீங்கதானாய்யா?"

"நானேதான். இவன்கிட்ட ஏமாந்துறாதீக."

"அதுக்கில்லய்யா. விக்கிறவரு ஆயிரம் சொல்லுவாரு, நம்ப முடியுமா? நீங்க இவருக்கு ஆகாதவரு. நீங்களே ஒரு கீறல் இல்லேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறீக. அதக் கேட்டுத்தான் நாங்க அம்புட்டுப் பேரும் அதே வண்டி வேணும்னு வந்திருக்கோம்."

மூக்கையா ஜெரோம் பக்கம் கையை நீட்டினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்யா" என்றார். "இவன் இன்னும் தப்புன்னு சொல்லலையே."