வண்டிக்குச் சொந்தக்காரி

அவள் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் கம்ப்யூட்டரில் அண்ணனின் பெயர் ஏறிவிட்டது.

அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தென்காசியில் அந்த பைக் ஷோரூமில் இன்சூரன்ஸ் போடுகிறவர் ஐசக். ஆணும் பெண்ணுமாக வந்தால் ஆணின் பெயரில் தட்டிவிடுவது அவர் பழக்கம். அண்ணனும் தன் பங்குக்கு, பேசாமல் ஆதார் கார்டை எடுத்து நீட்டியிருந்தான்.

வண்டியை வாங்குவது அவள்.

அவள் கால்நடை ஆய்வாளர். மலையடிவாரத்தில், பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களில்தான் அவளுக்கு வேலை. இத்தனை நாளும் அவளை வண்டியில் கொண்டுவிட அண்ணனுக்கு எப்போது நேரம் ஒழிகிறதோ அப்போதுதான் மாட்டுக்கு வைத்தியம்.

போன ஐப்பசியில் ஒரு சினைப்பசு, அவள் போய்ச் சேருவதற்குள் கன்றோடு செத்துப்போனது. அண்ணன் அன்றைக்குக் கல்யாணப் பந்தியில் இருந்தான். பாயசம் வரட்டும் என்று போனில் சொன்னான்.

அந்த வீட்டுக்காரி அழுத அழுகை இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

மறு வாரமே எல்எல்ஆர் எடுத்தாள். எட்டுப் போடும்போது காலை ஊன்றி ஒருமுறை தோற்றாள்.

அடுத்த முறை ஊன்றவில்லை.

"எம் பேர்ல போடுங்க" என்றாள்.

ஐசக் அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் சிரித்தான். "இவளுக்கு விவரம் பத்தாது தம்பி. என் பழைய வண்டிக்கு ஒரு கிளெய்ம் வாங்குனதில்ல. அந்த போனஸ் இதுக்குக் கட்டுற பிரீமியத்துல கழியும். இவ நேத்து லைசென்ஸ் எடுத்தவ. இவளுக்கு என்ன கழியும்?"

அது உண்மைதான். விழாமல் ஓட்டியவனுக்குச் சலுகை உண்டு. ஓட்டவே விடாமல் வைத்திருந்தவளுக்கு எந்தக் கம்பெனியும் சலுகை கொடுப்பதில்லை.

அந்தப் பழைய வண்டியையும் அவன் போன மாதம் விற்றுவிட்டான். தங்கைக்குப் புது வண்டி வருகிற தைரியம். வீட்டுக்கு ஒன்று போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். பெயரும் அவனுடையதாகிவிட்டால் சாவி யாருடைய சட்டைப் பையில் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

அவள் ஐசக்கின் பக்கம் திரும்பினாள்.

"நான் ஓட்டிட்டுப் போயி விழுந்து செத்துட்டா?"

"அய்யோ மேடம், நல்ல காரியத்துல போயி..."

"சொல்லுங்க."

"விபத்துப் பணம் ஓனர் ஓட்டி ஏதாச்சும் ஆனாத்தான் மேடம். அண்ணாச்சி பேர்ல இருந்தா..." அவர் குரல் இறங்கியது. "உங்க வீட்டுக்கு ஒண்ணும் வராது."

அண்ணன் கூரையைப் பார்த்தான்.

"விழுததுக்கு நானு, ஓனரு இவனா?" என்றாள். "அழிங்க."

ஐசக் மறுபடியும் அண்ணனைப் பார்க்கப் போனார். அவள் தன் லைசென்ஸை கீபோர்டின் மேலேயே வைத்தாள்.

அவர் அழித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து போனது. பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மிக நன்றாக இருந்தது.

அவள் பெயர் ஏறியது. இனிஷியலோடு.

அண்ணன் எழுந்துவிட்டான். என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்பது போல ஆதார் கார்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

முடிக்கும்போது ஐசக் ஒன்று சொன்னார். பின்னால் உட்காருகிறவர்களுக்கு இதில் விபத்துப் பணம் கிடையாது. வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்கலாம். பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை.

"சேருங்க" என்றாள், வாசல் வரை கேட்கும்படி. "அண்ணனுக்கு இப்ப வண்டி இல்லேல்லா."

ஐசக் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினார்.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஹெல்மெட்டுகள் வரிசையாகத் தொங்கின. அண்ணன் அங்கேயே நின்றான். வெளியே போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிப் பார்த்தான்.